ஒரு சிரிப்பு, இரண்டு கை, ஒரு வாக்கியம்

ஆனி மாதக் கடைசி. மேற்கு மலையிலிருந்து கிளம்பிய சாரல் இலத்தூர்க் குளத்தைத் தாண்டி ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவரின் வலது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. "கை மரத்துப்போச்சு" என்று சொல்ல வாயெடுத்தார், சொல் குழறியது. "பித்தமா இருக்கும், கொஞ்சம் படுங்க" என்றது வீடு. நர்சிங் படிக்கும் பேத்தி மட்டும் எதிரே வந்து குந்தினாள்.

"தாத்தா, பல்லு தெரிய சிரிங்க... ரெண்டு கையையும் முன்னால நீட்டித் தூக்குங்க... குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதுன்னு சொல்லுங்க பாப்போம்."

சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது. வலது கை மெல்லத் தாழ்ந்தது. வாக்கியம் பாதியில் கரைந்தது. பேத்தி 108-ஐ அழைத்தாள், கையோடு காலண்டர் தாளில் "6.20" என்று எழுதி வைத்தாள்.

எந்த வீட்டுத் திண்ணையிலும் நடக்கக்கூடிய காட்சி இது. கருவி கிடையாது, மருந்து கிடையாது, பார்க்கக் குழந்தை விளையாட்டு போலிருக்கும். அந்த மூன்று கேள்விகளும் உருவாக ஏறக்குறைய 340 ஆண்டுகள் பிடித்தன. பாட்டுத் தட்டு விற்ற ஒரு நிறுவனம், பையில் தூக்கிக்கொண்டு போன மாட்டு மூளைகள், ஒரு புற்றுநோயாளியின் உயிரணுக்கள், நடுவழியில் நிறுத்தப்பட்ட ஆய்வுகள் என்று வழியெங்கும் திருப்பங்கள். குற்றாலத்துக்காரர்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. இந்தக் கதை தொடங்கியதே ஓர் அருவியூரில்தான்.

சுவிட்சர்லாந்தில் ரைன் ஆறு 23 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஷாஃப்ஹௌசன் நகரம். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே நகர மருத்துவராக இருந்தவர் யோஹான் யாகோப் வெப்ஃபர். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று சாய்வதை அந்தக் காலத்து ஐரோப்பா 'அப்போப்ளெக்ஸி' என்றது. 'அடித்து வீழ்த்துவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் ஊரிலும் "வாதம் அடிச்சிருச்சு" என்றுதான் சொன்னார்கள். அடித்தது யார் என்பது மட்டும் இரண்டு ஊரிலும் தெரியவில்லை. வெப்ஃபர் அனுமதி வாங்கி, அப்படி இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்தார். மூளைக்குள் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. 1658-இல் அதைப் புத்தகமாக எழுதினார். ரத்தக்குழாய் உடைந்தாலும் மூளை சாகும், அடைபட்டு ரத்தம் போகாவிட்டாலும் சாகும் என்ற கருத்துக்கு அது வழி திறந்தது. எதிரி அகப்பட்டுவிட்டான் என்று பார்த்தால், அகப்பட்டவர்கள் இரண்டு பேர்.

இரண்டு பேருக்கும் ஒரே முகம். கசிவானாலும் அடைப்பானாலும் வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும். வைத்தியமோ நேர் எதிர். அடைப்பென்றால் உறைந்த ரத்தத்தைக் கரைக்க வேண்டும். கசிவு இருப்பவருக்கு அதையே செய்தால் உயிர் போய்விடும். உயிரோடு படுத்திருப்பவரின் மண்டைக்குள் எது நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஐரோப்பாவில் ரத்தத்தை வடித்தார்கள். நம் பக்கத்தில் எண்ணெய் தேய்த்தார்கள், புறா ரத்தம் தடவினார்கள், விதி என்று விட்டார்கள். 1970-இல் வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் பக்கவாத நோயாளிகளைக் கணக்கெடுத்த ஆய்வொன்று அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. எத்தனை பேர் என்று எண்ண முடிந்தது. அவர்களில் யாருக்குக் கசிவு, யாருக்கு அடைப்பு என்று தலைக்குள் எட்டிப்பார்க்கும் கருவி அப்போது உலகத்தில் எங்குமே இல்லை. அந்தக் கருவியைச் செய்துகொண்டிருந்தவர் மருத்துவரும் அல்ல.

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்து எஞ்சினியர். பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே இ.எம்.ஐ. தான். ஒரு பெட்டியைத் திறக்காமலே சுற்றிச் சுற்றிக் கதிரைப் பாய்ச்சினால், உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டுப் படமாக்கிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. முதல் சோதனையில் ஒரே ஒரு படத்துக்கான அளவுகளை எடுக்க 9 நாள் ஆனது. கணிப்பொறி அதைக் கணக்கிட இன்னும் இரண்டரை மணி நேரம் எடுத்தது. அடுத்து மூளை வேண்டும். கசாப்புக்கடையிலிருந்து மாட்டு மூளையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு லண்டன் ரயிலில் ஏறினார். படம் சரியாக விழவில்லை. கொல்லும் முன் மாட்டின் தலையில் அடித்து மயக்கியதால் மூளைக்குள் ரத்தம் பரவியிருந்தது. தலையில் அடிக்காமல் அறுக்கும் யூதர்களின் அறுப்புக்கூடத்திலிருந்து மூளைகளை வரவழைத்தார். படம் துலங்கியது. ஆனால், செத்த மாட்டின் மூளையில் தெரிந்தது உயிருள்ள மனிதரின் மண்டைக்குள்ளும் தெரியுமா?

1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டனிலிருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனை. மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணி, ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற கதிரியக்க மருத்துவரின் முன்னிலையில் இயந்திரத்துக்குள் தலை வைத்துப் படுத்தார். அளவுகள் காந்த நாடாவில் ஏறி, கணக்குப் போட வேறிடத்துக்குப் போய்த் திரும்பி வந்தன. படத்தில் மூளையின் முன்பகுதியில் வட்டமாக ஒரு கட்டி. அறுவை செய்த மருத்துவர், படத்தில் இருந்தது அப்படியே உள்ளேயும் இருந்தது என்றார். சி.டி. ஸ்கேன் பிறந்துவிட்டது. இதே கணக்கைத் தனியே எழுதியிருந்த ஆலன் கார்மக்கோடு சேர்த்து 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். கசிவையும் அடைப்பையும் இனிப் பிரித்தறியலாம். பிரித்தறிந்த பிறகு என்ன செய்வது? மருத்துவரின் கையில் இன்னும் ஒன்றுமில்லை.

கையில் வந்து விழப்போன மருந்து அப்போது ஒரு புற்றுநோயில் ஒளிந்திருந்தது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஒரு புரதத்தை நம் உடலே சுரக்கிறது. சுரக்கும் அளவுதான் மிகமிகக் கொஞ்சம். பெல்ஜியத்தின் லூவென் நகர ஆய்வாளர் டெசிரே கோலென் அதைத் திரட்டப் போராடிக்கொண்டிருந்தார். ஒரு நோயாளியின் தோல் புற்றுநோயிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த 'பௌஸ்' என்ற உயிரணுக்கள் அந்தப் புரதத்தைத் தாராளமாகக் கொட்டுவது தெரியவந்தது. 1980-இல் சுவீடனின் மால்மோவில் நடந்த மாநாட்டில் கோலென் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார் டயான் பெனிக்கா. அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனத்து இளம் விஞ்ஞானி. அவரும் சகாக்களும் அந்தப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து, தொழிற்சாலையில் மருந்தாகத் தயாரிக்க வழி செய்தார்கள். டி.பி.ஏ. என்று பெயர் பெற்ற அந்த ஊசிக்கு 1987-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆனால் மூளைக்கு இல்லை, மாரடைப்புக்கு.

இதயத்தின் அடைப்பைக் கரைக்கும் மருந்து மூளையின் அடைப்பைக் கரைக்காதா? இந்தக் கேள்வி பல நாட்டு மருத்துவர்களையும் தூங்கவிடவில்லை. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற இன்னொரு கரைப்பு மருந்தை வைத்து 1990-களின் முதல் பாதியில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய ஆய்வுகள் தொடங்கின. முடிவு பயங்கரமாக இருந்தது. மருந்து போட்டவர்களின் மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிர்கள் போயின. ஆய்வுகளைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பக்கவாதத்துக்கு வைத்தியமே கிடையாது என்ற பழைய வாக்கு மறுபடி அரியணை ஏறப் பார்த்தது. அமெரிக்காவில் ஒரு குழு மட்டும் வேறு கணக்குப் போட்டிருந்தது. மருந்தைவிட மணிதான் முக்கியமோ?

அந்தக் குழு வைத்துக்கொண்ட விதி கடுமையானது. வாதம் அடித்து 3 மணி நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். சேர்க்கும் நோயாளிகளில் பாதிப் பேருக்கு 90 நிமிடத்துக்குள். அந்த 90 நிமிடத்துக்குள் நோயாளி வந்து, ஸ்கேன் எடுத்து, கசிவில்லை என்று உறுதி செய்து, மருந்தும் ஏற வேண்டும். பக்கவாத நோயாளியைக் காலையில் சேர்த்து மாலையில் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் ஓட்டமும் நடையுமாக மாறினார்கள். 624 நோயாளிகள் சேர்ந்தார்கள். 1995 டிசம்பரில் முடிவு வெளியானது. மூன்று மாதம் கழித்து, குறைபாடு இல்லாமலோ மிகக் குறைந்த குறைபாட்டோடோ மீளும் வாய்ப்பு, மருந்து பெற்றவர்களுக்குக் குறைந்தது 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மூளைக் கசிவு 0.6 விழுக்காட்டிலிருந்து 6.4 விழுக்காடாக ஏறியதும் உண்மை. அந்த ஆபத்தையும் தாண்டி நன்மை நின்றது. 1996-இல் அனுமதி வந்தது. வெப்ஃபரின் புத்தகம் வந்து 338 ஆண்டு கழித்து அடைப்புக்கு ஒரு மருந்து. அலமாரியில் மருந்து தயார். ஆனால் நோயாளிகள் வந்து சேரவில்லை.

"படுத்தா சரியாப்போகும்" என்று காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தாலும் அதில் வந்த ஊழியருக்கு இது வாதமா, மயக்கமா, குடிபோதையா என்று தெரியவில்லை. தேர்ந்த மருத்துவர்களிடம் ஒரு அளவுகோல் இருக்கத்தான் செய்தது. சின்சினாட்டி நகரத்து நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராட்டும் குழுவினரும் 1989-இல் வெளியிட்டது. நினைவு, பார்வை, கை, கால், உணர்ச்சி, பேச்சு என்று 15 அம்சம். பயிற்சி பெற்றவருக்கே பல நிமிடம் பிடிக்கும். ஓடும் வண்டியில் 15 கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் மூளை காத்திருக்குமா? யாராவது அதைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் உண்மை நழுவிவிடாதா?

துணிந்தவர் அதே சின்சினாட்டியின் ராஷ்மி கோத்தாரி. அவசர சிகிச்சை மருத்துவர். டி.பி.ஏ. ஆய்வில் சேர்ந்த 74 பக்கவாத நோயாளிகளின் பதிவுகளை ஒரு பக்கம் வைத்தார்கள். வேறு காரணங்களுக்காக அவசரப் பிரிவுக்கு வந்த 225 பேரின் பதிவுகளை மறுபக்கம் வைத்தார்கள். 15-இல் எவை எவை வாதத்தைக் காட்டிக்கொடுக்கின்றன என்று சலித்தார்கள். அரிசியைப் புடைத்தால் உமி பறந்து மணி நிற்பதுபோல, கடைசியில் முறத்தில் நின்றவை மூன்று: முகம் கோணுவது, கை தாழ்வது, பேச்சு குழறுவது. 1997-இல் அந்த முடிவு வெளியானது. சிரிக்கச் சொல், கண்ணை மூடி இரு கையையும் நீட்டச் சொல், ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல். வாக்கியம் எதுவாகவும் இருக்கலாம். அவர்கள் ஊர்ப் பெயரோடு புகழ்பெற்றுவிட்ட வாக்கியம், சின்சினாட்டியில் வானம் நீலமாக இருக்கிறது என்பது. திண்ணையில் பேத்தி கேட்ட "குத்தாலத்துல தண்ணி நல்லா விழுது"க்கு மூத்த அக்காள் அதுதான்.

கருவி பிறந்தது, பெயர் இன்னும் பிறக்கவில்லை. அட்லாண்டிக்குக்கு அக்கரையில், இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் பக்கவாத மருத்துவர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் 1998-இல் ஒன்றாக உட்கார்ந்தார்கள். முகம், கை, பேச்சு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, கடைசியில் சோதனை என்ற சொல்லையும் வைத்து 'ஃபாஸ்ட்' என்றார்கள். வேகம் என்ற பொருளும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மக்களிடம் போனபோது கடைசி எழுத்து 'நேரம்' ஆனது. வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வதற்குப் பதிலாகச் சாதாரணப் பேச்சையே கவனிக்கச் சொன்னார்கள். 2003-இல் வெளியான ஆய்வு, இந்தச் சோதனையை வைத்து ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கண்டுபிடித்தது மருத்துவர்கள் கண்டுபிடித்ததற்குச் சற்றும் சளைத்ததில்லை என்று காட்டியது. ஆம்புலன்ஸ் ஊழியரால் முடியும் என்றால், பெற்ற பிள்ளையால் முடியாதா?

முடியும் என்று பந்தயம் கட்டியது பிரிட்டன் அரசு. 2009 பிப்ரவரியில், தலைக்குள் தீ பரவுவதுபோல ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வீடுகளுக்குள் நுழைந்தது. நம் பக்கத்திலும் கோடுகள் சேரத் தொடங்கியிருந்தன. 2005 ஆகஸ்ட் 15-இல் ஹைதராபாத்தில் பிறந்த 108 சேவை, 2008-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதன் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் மாரடைப்பு, தீக்காயம், விஷம் ஆகியவற்றோடு பக்கவாதமும் தனிப் பிரிவானது. ஊசிக்கான கெடு 3 மணி நேரத்திலிருந்து நாலரை மணி நேரமாக நீண்டது. பெரிய குழாயில் அடைப்பென்றால் கம்பி நுழைத்து இழுத்தெடுக்கும் சிகிச்சையும் வந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில், அந்த மூன்று கேள்விகளுக்கே சோதனைக் காலம் வந்தது.

முதல் அடி, வாதம்போல வேஷம் போடுபவர்களால் வந்தது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தவருக்கு ரத்தச் சர்க்கரை இறங்கினால் அப்படியே வாதம்போல இருக்கும். வலிப்பு வந்து ஓய்ந்த பின்னும் சிலருக்கு ஒரு பக்கம் சில மணி நேரம் செயலற்றுக் கிடக்கும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் பென்ட்லி டாட் என்ற மருத்துவர் எழுதி வைத்த விஷயம் அது. ஆகவே நியூகாசில்காரர்கள் 2005-இல் மருத்துவமனைக்கென்று விரிந்த பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார், வலிப்பு வந்ததா என்று கேள் என்றார்கள். நம் ஊரில் வலிப்பென்றதும் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது வழக்கம். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானே ஓயும்; ஓயவைத்த புகழ் சாவிக்கொத்துக்குப் போய்விட்டது. உண்மையில் உதவுவது வேறு. பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது. 5 நிமிடம் தாண்டினால் அது 108 வேலை.

இரண்டாவது அடி 2017-இல். அமெரிக்காவின் கென்டக்கியில் 700-க்கு மேற்பட்ட பக்கவாத நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டியபோது, ஏறக்குறைய 14 விழுக்காட்டினர் முகம், கை, பேச்சு மூன்றிலும் பிடிபடாமல் நழுவியிருந்தது தெரிந்தது. பலருக்குத் திடீர்த் தள்ளாட்டம் இருந்தது, பார்வை மங்கியிருந்தது. அப்படித்தான் சமநிலையும் கண்ணும் சேர்ந்து மூன்று ஐந்தானது. கண் திடீரென்று இருண்டாலும், நடை திடீரென்று தள்ளாடினாலும் சந்தேகிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் விட்டுவிடக் கூடாது. வரப்போகும் பெரிய வாதத்துக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். இத்தனைக்குப் பிறகும் ஒன்று மட்டும் எந்தக் கருவியாலும் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியாததாகவே நின்றது.

அதைத்தான் பேத்தி காலண்டர் தாளில் எழுதினாள். 6.20. தாத்தா கடைசியாக நன்றாக இருந்த நேரம். ஸ்கேன் இயந்திரம் கசிவா அடைப்பா என்று சொல்லும். மணி எத்தனை என்று வீட்டார்தான் சொல்ல வேண்டும். ஊசி போடலாமா கூடாதா என்பது பெரிதும் அந்த நேரத்தில்தான் தொங்குகிறது. பெரிய ரத்தக்குழாய் அடைத்த வாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க மருத்துவர் கணக்கிட்டார். மூன்று கேள்விகளையும் கேட்டு முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இலத்தூரிலும் செங்கோட்டையிலும் தென்காசியிலும் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும், ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டும், ஒவ்வொரு சுயஉதவிக் குழுவும் இந்த மூன்றையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சி.டி. ஸ்கேனும் ஊசியும் இரவு பகலாகக் கிடைக்கும் மருத்துவமனை எது என்பதை ஒவ்வொரு வீடும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டும். ஓர் அருவியூரில் பிணங்களை அறுத்துத் தொடங்கிய தேடல், இன்னோர் அருவியூர்த் திண்ணையில் ஒரு சிரிப்பாக வந்து நிற்கிறது. அந்தச் சிரிப்பு கோணினால், படுக்க வைக்கக் கூடாது, எண்ணெய் தேடக் கூடாது, சொந்தக்காரருக்காகக் காத்திருக்கக் கூடாது. மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும்.